சுண்ணாம்பு பூசிய வரிசை

“தோள்பட்டை கழண்டு விழற மாதிரி இருக்குது புள்ள. பூசைக்கு நீ மட்டும் போய்ட்டு வா” என்று கட்டிலில் குப்புற விழுந்தான் மரியசூசை.

“மூணு வரிசைக்கு மருந்தடிச்சதுக்கே இந்தப் பாடா? போன ஞாயித்துக்கெழமையும் இதே பாட்டுத்தான்” என்று முணுமுணுத்தபடி கோயிலுக்குக் கிளம்பினாள் இன்னாசியம்மாள்.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் அவர்களுக்கு இருந்ததே நாலு வரிசை எலுமிச்சைதான். அத்தனையிலும் சொறி நோய். ஆராய்ச்சிப் பண்ணை ஆபீசர் தீர்த்தகிரி ஒரு கேன் நீலகிரித் தைலம் கொடுத்திருந்தார்.

“சோப்புத் தண்ணியில கலந்து மூணு வரிசைக்கு அடிங்க. அடையாளத்துக்குச் சுண்ணாம்பு பூசின நாலாவது வரிசையத் தொடக் கூடாது. ரெண்டையும் ஒத்துப் பாத்தாத்தான் மருந்து கேக்குதான்னு தெரியும். கேட்டா இன்னும் தைலம் தர்றேன். இல்லன்னா எல்லாத்தையும் வெட்டி எரிச்சிர வேண்டியதுதான்.”

இன்னாசியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. நாலு பிள்ளைகளில் மூன்றுக்குச் சோறு போட்டு ஒன்றைப் பட்டினி போடுவதா? புருஷன் கடத்தூர் சந்தைக்குப் போகும் நாளெல்லாம் மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நாலாவது வரிசையையும் நனைத்துவிட்டாள்.

காய் இறங்கும் நேரம் ஆபீசர் ராஜ்தூத் பைக்கில் வந்து சேர்ந்தார். மூன்று வரிசையிலும் புதுத் துளிர் சுத்தமாக இருந்தது. நாலாவது வரிசையில் அப்படியே நின்றுவிட்டார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பளபளத்தது.

“அடிக்காத மரம் அடிச்சதவிட நல்லா இருக்குதேய்யா. அப்ப தைலத்தால ஒண்ணும் ஆவல” என்று பேனாவை எடுத்தார்.

இன்னாசியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். “எழுதாதீங்க சார். நாந்தான் அதுக்கும் அடிச்சேன். மனசு கேக்கலீங்க.”

“எவ்வளவும்மா?”

“சந்தைக்குச் சந்தை. மத்த வரிசைக்கு அவரு அடிக்கிற அளவுதானுங்க.”

“அதே அளவுன்னா, இது மட்டும் எப்படி ஒசத்தியா நிக்குது?”

மரியசூசை தோளைத் தடவிக்கொண்டே பெண்டாட்டியைப் பார்த்தான். “நீயுமா புள்ள? நான் பூசைக்கு வராத ஞாயித்துக்கெழமையெல்லாம் வேற எங்க இருந்தேன்னு நெனச்ச?”

ஆபீசர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். “தைலம் நாளைக்கு வந்துரும். ஆனா ஒண்ணு, நீங்க ரெண்டு பேரும் எனக்கு ஒரு வரிசை நோய் மரம் பாக்கி.”