கரியான காலுறை

மதிய வெயில் ஆய்வுக்கூடத்து மேசையில் விழுகிறது. உலையிலிருந்து எடுத்த பீங்கான் தட்டில் ஒரு காலுறை இருக்கிறது. அக்காவின் ஆறு மாத மகனுடையது; அவன் மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோனான். துணி மக்கிப்போகும், கரி மக்காது என்று இங்கே வேலை பார்க்கும் தங்கைதான் சொன்னாள். நேற்றுவரை வெள்ளைப் பருத்தியாக இருந்தது இன்று முழுக்கக் கரி. காற்றில்லாத உலையில் ஆயிரம் டிகிரியில் வெந்தும் சாம்பலாகவில்லை, பின்னலில் ஒரு கண்ணிகூட அவிழவில்லை. ஆறு மாதம் உதைத்த குதிகாலின் புடைப்பு, உள்ளே கால் இருப்பதுபோல அப்படியே நிற்கிறது. தங்கை இடுக்கியால் தொட்டதும் கிணுக்கென்கிறது. உதிர்ந்த இழையை அவள் நுண்ணோக்கியில் வைக்கிறாள். திரையில் முறுக்கேறிய கறுப்பு நாடா ஒன்று தெரிகிறது, அதன் நடுவே ஒரு துளை.

"இது என்னடி ஓட்டை?" என்கிறாள் அக்கா.

"பஞ்சு செடியில இருந்தப்போ அதுக்குள்ளதான்க்கா உயிர் இருந்துச்சு. காஞ்சதும் காலியாயிடும். கரியானாலும் மூடாது."

அக்கா தட்டின் மேல் குனிகிறாள். "சின்னதாயிடுச்சே."

"சூட்டுல சுருங்கும்க்கா."

"இல்லடி. இது அவன் பொறந்த அன்னிக்கு இருந்த கால்."

தங்கை இடுக்கியைக் கீழே வைக்கிறாள்.

"இன்னும் சூடேத்தினா?" என்கிறாள் அக்கா.

"இன்னும் கொஞ்சம் சுருங்கும்."

அக்கா கைப்பையிலிருந்து மற்ற காலுறையை எடுத்து நீட்டுகிறாள். இன்னொரு கை வயிற்றின்மேல் இருக்கிறது.

"ரெண்டையும் வை. உள்ள இருந்த அளவுக்கு வரட்டும்."