எடுக்காத பொட்டலம்

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் வைத்துவிட்டு, எடுங்க என்பதுபோல் மருதுபாண்டியைப் பார்த்தார்.

பூவரச இலையில் மடித்து நாரால் கட்டிய பொட்டலங்கள். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செம்பருத்தி. பூசாரிக்குப் பார்வை மங்கல் என்று காலையில் அக்கா மகள் சுவாதியே உட்கார்ந்து கட்டிக் கொடுத்திருந்தாள்.

வெள்ளை வந்தால் சுவாதிக்குப் பாலவனத்தத்து மாப்பிள்ளை. சிவப்பு வந்தால் வேறு இடம். அந்தக் குடும்பத்தில் பூ எடுப்பது தாய்மாமன் கை.

அக்கா மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்பது அக்காவைத் தவிர திருச்சுழிக்கே தெரியும்.

மருதுபாண்டி கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. அட, இது தெரிந்த அடியாயிற்றே! போனில் ரம்மிச் சீட்டு விழும்போதெல்லாம் அடித்த அதே அடி. கொட்டிலில் நின்ற ஆடுகளையும் பெண்டாட்டி கழுத்துச் சங்கிலியையும் தின்று ஏப்பம் விட்ட அடி.

வெள்ளையா, சிவப்பா? விரல் நுனி அரித்தது. இன்றைக்கு இந்தக் கை ருசி கண்டால் நாளைக்குப் போனைத் தேடும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அருப்புக்கோட்டையில் மனநல ஆலோசகர் இம்மானுவேலிடம் போகவே முதலில் அவன் முரண்டு பிடித்தான். எனக்கென்ன பைத்தியமா என்றான். பெண்டாட்டி முருகலட்சுமிதான் தரதரவென்று இழுத்துப்போய் உட்கார வைத்தாள். இப்போது புதன்கிழமை வந்தால் அவனே முதல் பஸ்ஸுக்கு நிற்கிறான்.

அங்கே படித்த முதல் பாடம் இதுதான்: ஆசை வந்தால் மறைக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். வந்த வழியே போய்விடும்.

"முருகு, கை அரிக்குது. நான் எடுக்கல."

பெண்டாட்டி காதோடு சொல்லத்தான் நினைத்தான். கோயில் மணி அந்த நேரம் பார்த்தா ஓய வேண்டும்? அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது.

யாரோ சிரித்தார்கள். முருகலட்சுமி சிரிக்கவில்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பெருமையாக நின்றாள். அவள் நீட்டிய சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அரிப்பு அடங்கிப்போனது. மருதுபாண்டிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வாழப்போகிறவள் அவள், அவளே எடுக்கட்டும் என்று அக்காவிடம் சொன்னான். அக்கா முகத்தைச் சுளித்தாள். தாய்மாமன் வாக்குக்கு மேல் என்ன இருக்கிறது என்று பூசாரி தலையாட்டிவிட்டார்.

சுவாதி வந்தாள், கும்பிட்டாள், வெடுக்கென்று ஒன்றை எடுத்துப் பிரித்தாள். நந்தியாவட்டை. பெண்கள் போட்ட குலவையில் கோயில் கிடுகிடுத்தது. அக்கா குரல்தான் அதில் பெரிசு.

மருதுபாண்டிக்கு மட்டும் என்னமோ உறுத்தியது. எத்தனை சீட்டுப் பார்த்தவன் அவன்! இவ்வளவு தைரியமாக யாரும் எடுத்து அவன் கண்டதில்லை.

மிச்சப் பொட்டலத்தைக் கையில் எடுத்தான். ஆட்டம் முடிந்த பிறகும், எடுக்காத சீட்டு என்னவென்று பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. மாமனின் அந்தச் சீக்கு சுவாதிக்கும் தெரியும். அவள் முகம் வெளுத்தது.

"மாமா, அது எதுக்கு மாமா? போட்டுருங்க."

அதைப் பார்க்கத் துடிப்பதும் அதே அரிப்புதான் என்று இம்மானுவேல் சொல்லியிருந்தார். முடிச்சில் வைத்த விரலை மருதுபாண்டி எடுத்தான். பிரிக்காமலே கொண்டுபோய், வேலமரத்தடியில் நின்ற ஆட்டுக்கு முன்னால் போட்டான். சுவாதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆடு சும்மா இருக்குமா? இலையைக் கிழித்தது, நாரை உதறியது, நிதானமாக மென்றது.

அதன் வாயோரத்தில் வெள்ளை இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா இந்தப் பக்கம் திரும்புவதற்குள், மருதுபாண்டி மெல்ல நகர்ந்து ஆட்டை மறைத்து நின்றுகொண்டான்.