கயிறு பிடிப்பவன்

பள்ளிக்கூட வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். எல்லோரும் கடலில் சங்கு குளிக்கிறவர்கள். முன்னால் நின்ற மரியானின் கையில் அந்தப் புத்தகம் இருந்தது.

ஜெயஷீலா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். நீல அட்டையை வைத்தே அடையாளம் தெரிந்துவிட்டது. வகுப்பில் படிக்க அவள் கொடுத்த புத்தகம்தான்.

காவலாளி வெள்ளத்துரை மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "டீச்சர், ஒங்களத்தான் கேக்காவ. நேத்தும் இன்னைக்கும் சங்கு வள்ளம் ஒண்ணுகூட கடலுக்குப் போவலையாம்."

அந்தக் கரையில் வள்ளம் போகவில்லை என்றால் ஊரில் பெரிய தகராறு என்று அர்த்தம். கூடிப் பேசி, யாரையாவது ஒரு வழி பண்ணிய பிறகுதான் மறுபடி கடலுக்குப் போவார்கள்.

"எதுக்கு வந்திருக்காங்கன்னு கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டேன். 'அந்த டீச்சர் வரட்டும்'னு ஒரே சாதிப்பு. ஒரு மூஞ்சியும் நல்லா இல்ல. பின் கேட்டத் தெறக்கட்டா?"

பின் கேட்டும் அதே தெருவில்தான் திறக்கும்.

பதினோராம் வகுப்புக்கு வாசிப்பு வகுப்பைத் தொடங்கியது அவள்தான். தன் ஊர், தன் சாதி, தன் மதம் அல்லாத மனிதர்களைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் படிக்க வேண்டும். படித்ததை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டவும் வேண்டும். காயல்பட்டினத்துப் பெண் பனிமலைக் கிராமம் ஒன்றைப் பற்றிப் படித்தாள். மாப்பிள்ளையூரணிப் பையன் ஆப்பிரிக்கக் கதை கேட்டு வாங்கிப் போனான்.

மரியானின் மகள் ஜெனிலாவுக்கு அரபு நாட்டுக் கதை ஒன்றின் தமிழாக்கம் கிடைத்தது. முத்துக் குளிக்கிற ஒருவனுக்கும், படகில் நின்று அவனை மேலே இழுக்கக் கயிறு பிடிக்கிறவனின் தங்கைக்கும் காதல். அவன் ஒரு மதம், அவள் ஒரு மதம்.

தலைமையாசிரியை முன்பே எச்சரித்திருந்தார். "கதை நல்லாத்தான் இருக்கு. முடிவுதான் வம்பு. கடைசி ரெண்டு தாள வெட்டிட்டுக் குடுங்க. எவனாவது வந்து நின்னா நான் பொறுப்பில்ல."

தற்காலிக வேலை. ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜெயஷீலா எதிர்த்துப் பேசாமல் பிளேடால் வெட்டினாள். அந்தத் தாள்கள் இன்னும் அவள் கைப்பையில்தான் இருந்தன.

நேற்றிலிருந்து ஜெனிலா வகுப்புக்கு வரவில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

தலைமையாசிரியையின் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். "நான் மீட்டிங்ல இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வேறு குரல் எதுவும் கேட்கவில்லை.

கைப்பையை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு தனியாக இறங்கினாள். வாசலை நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கியது.

"ஏலே, இவங்கதானா? சின்னப் புள்ள மாதிரில்லா இருக்காவ."

"வாய மூடுல."

மரியான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். வெட்டிய விளிம்பு நேர்க்கோடாக இருந்தது.

"இத வெட்டுனது யாரு டீச்சர்? எம் மகதான் கிழிச்சுட்டான்னு நெனச்சு ஏசிப்புட்டேன். ரோசத்துல பள்ளிக்கூடம் வரமாட்டேங்கா."

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "நான்தான்."

"எதுக்கு?"

"பிரச்சினை ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு..."

"பிரச்சினையா?" மரியான் திரும்பிப் பார்த்தான். கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது. "இதவிட என்ன பிரச்சினை வரணும்? ஞாயித்துக்கெழம எம் மக வாசிச்சா. தெருவே உக்காந்து கேட்டோம். மறுநாள்லேர்ந்து ஒருத்தனும் கடல்ல எறங்கமாட்டேங்கான்."

"மன்னிச்சிருங்க. நான் வேலைய விட்டுட்டுப் போயிர்றேன்."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் நின்றவனின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தான்.

"இவன் ரெக்சன். எம் பொண்டாட்டி தம்பி. அடியில நான் மூச்சு விடுத காத்துக் கொழாய, வள்ளத்துல நின்னு பிடிக்கது இவன்தான். எங்க எல்லாருக்கும் மச்சானுவதான் பிடிப்பானுவ. கூடப்பொறந்தவ தாலிய எவனும் அறுக்கமாட்டாம்லா, அந்த நம்பிக்கைதான். இந்தக் கதயக் கேட்டதுலேர்ந்து இவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு."

"நான் என்ன அத்தான் செஞ்சேன்?"

"நீ சும்மா கெடல."

மரியான் குரலைத் தாழ்த்தினான்.

"கதையில தங்கச்சி வெசயம் அண்ணங்காரனுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தப் பய அடியில கெடக்கான். கயிறு அண்ணங்காரன் கையில. அந்த எடத்துல வெட்டிட்டியளே டீச்சர்."

மரியான் இன்னும் ஓர் அடி நெருங்கினான்.

"அந்த மச்சான் கயித்த இழுத்தானா, இல்லையா?"