படகோட்டி கத்தியது

அன்றைக்கு நீதிபதி நான்தான்.

ரூ பஜோல் என்ற தெருவில் ஒரு டெலிபோன் கடைக்கு மேலே என் அறை. அகதிக் கேஸ் எழுதுவதும் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பதும் என் வேலை. மேன்முறையீட்டுக்கு முதல் நாள் ஆளை எதிரே இருத்தி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நீதிபதி கேட்பதுபோலக் கேள்வி கேட்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வந்த அன்றே அதைச் சொல்லிவிடுவேன்.

அன்று எதிரே இருந்தவன் யூலியன். அவனுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. இதிலும் விழுந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதல் தடவை நிராகரித்த கடிதத்தில் ஒரே ஒரு காரணம். துருக்கியிலிருந்து இத்தாலிக்கு ஐந்து நாள் பாய்ப்படகில் வந்ததாகச் சொல்கிறீர்கள், படகை ஓட்டிய துருக்கிக்காரன் பேசிய ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை என்கிறீர்கள், நம்ப முடியவில்லை.

அந்தத் துருக்கிக்காரன் கரை சேர்ந்ததுமே ஓடிவிட்டானாம். ஓடத்தானே வேண்டும். படகை ஓட்டினவனுக்கு இங்கே கிடைப்பது விசா இல்லை, சிறை.

யூலியன் ரோஷக்காரன். இணையத்தில் ஒரு பட்டியலைத் தேடிப்பிடித்து அச்சடித்து வைத்திருந்தான். துருக்கிக் கடல் சொற்கள், பக்கத்தில் ஆங்கில அர்த்தம், அதற்கும் பக்கத்தில் அவன் பேனையால் எழுதிய தமிழ்.

பியர்ஃபித் புறநகரில் அவனுடைய அறையில் நாலு கட்டில். மற்ற மூன்று பேரும் விசா கிடைத்துப் போய்விட்டார்கள். கேள்வி கேட்க ஆளில்லாமல், தேத்தண்ணிக் கேத்தலுக்கு முன்னால் நின்று பாடமாக்கினானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குப் பாவமாக இருந்தது.

டூமென் என்றால் சுக்கான். ஹாலாட், கயிறு. இஸ்கெலே இடப்பக்கம், சான்ஜாக் வலப்பக்கம். கிளிப்பிள்ளைபோல ஒப்புவித்தான். கடைசி வரி, 'டெனிசே ஆடம் டூஷ்டூ'. ஆள் கடலில் விழுந்துவிட்டான்.

படகின் முன்பக்கத்துக்கு, மீன்பிடிக்கிறவர்கள் சொல்வதுபோல 'அணியம்' என்று எழுதியிருந்தான். கேஸின்படி அவன் ஒரு மேசன், கடல் பழக்கமே இல்லாதவன். ஏதாவது அகராதி பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கேள்வியைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். அதைக் கேட்காமல் நாளைக்கு விடமாட்டார்கள்.

“உம்முடைய தம்பி மிதுசன் தண்ணியிலை விழேக்கை, படகோட்டி என்ன சொல்லிக் கத்தினவன்?”

யூலியன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான். அவனுடைய வலது கை கதிரைக்குப் பின்னால் போய், இல்லாத ஒரு சுக்கானை இறுக்கி இழுத்தது.

“மிதுசன், கயித்தை விடாதை! அண்ணை திருப்புறன்! அண்ணை படகைத் திருப்புறன், கயித்தை விடாதையடா!”

மேம்பாலத்தில் ஒரு மெட்ரோ வந்து, நின்று, போனது.

அவன் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் பட்டியலைப் பார்த்தேன். 'அணியம்' என்ற எழுத்து அழுத்தமாக, ஒரு தயக்கமும் இல்லாமல் விழுந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டிவரும்.

“வள்ளி அக்கா...” என்றான்.

“ஓம் யூலியன். இப்ப அதைத் துருக்கியிலை சொல்லும்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். சொன்னான். குரல் நடுங்கியது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். ஆறாவது தடவைதான் நடுங்காமல் வந்தது.

துருக்கியில் அது மூன்றே சொல். அதில் ஆள் என்றுதான் வரும். மிதுசன் என்று வராது.