விருப்பம்: 1

பங்குக் கோயில் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே கஸ்பார் செல்போனை மேஜையில் வைத்தார். கோயிலின் வரன் தேடும் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் டெரன்ஸ் எழுந்து நின்றான்.

"இன்னாப்பா இது? எம் பொண்ணு பேருக்குக் கீழ, 'விருப்பம் தெரிவித்தவர்: 1'னு போட்டுக்கீது. உள்ள போய்ப் பார்த்தா ஒருத்தனும் இல்ல. அந்த ஒருத்தன் யாருன்னு மூணு நாளா வூட்டுக்காரி நச்சரிச்சுகினு கீறா."

"எண்ணிக்கை தப்பா நிக்குது அங்கிள். சரி பண்ணிடறேன்."

"எப்டித் தப்பாகும்?"

"யாராவது விருப்பம் பதிஞ்சா அதுவா ஒண்ணு ஏறும். அவங்களே சைட்ல வாபஸ் வாங்கினா அதுவா எறங்கிடும். டேட்டாபேஸுக்குள்ள போய் நேரா அழிச்சாதான் எறங்காம நின்னுடும்."

"உள்ள யாரு போவா?"

"என்னைத் தவிர யாராலயும் போக முடியாது அங்கிள்," என்று பெருமையாகச் சொன்ன பிறகுதான் டெரன்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய கஸ்பார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரை அழிச்ச?"

"என்னைத்தான் அங்கிள். பதிஞ்ச அப்புறம் உங்களை நெனச்சேன், பயமாயிடுச்சு."

கஸ்பார் செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நம்பர் சரியாத்தான் கீது, அதுல கைய வெக்காத. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் உங்கம்மாவை இட்டுகினு வூட்டுக்கு வா."