மாடியிலிருந்து தட்டுச் சத்தம்

டங். டங். டங்.

தட்டில் கரண்டி விழும் அந்தச் சத்தம், இத்தனை வருஷம் கழித்தும், விடியும் நேரத்தில் டைப்பிஸ்ட் அம்மாவின் காதுக்குள் கேட்கிறது. அப்போதெல்லாம் அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டைப்பிஸ்ட் அம்மா என்பது தெரு வைத்த பேர். நீதிமன்றத்தில் தீர்ப்புகளை டைப் அடித்தே ஓய்வு பெற்றவள். கணவர் போனபின் கீழ்வீட்டில் அவளும் ஒரு சாம்பல் நிறப் பூனையும்தான். மாடியில் வாடகைக்குக் குடியிருந்தவள் ஒரு நர்ஸ்.

விடிந்ததும் டைப்பிஸ்ட் அம்மா பின்கதவைத் திறந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லில் ஒரு பிடி தானியம் இறைப்பாள். குருவி வரும், மைனா வரும், அணில் வாலைத் தூக்கிக்கொண்டு வரும். காபி டம்ளரோடு அவள் சமையலறை ஜன்னலில் வந்து நிற்பதற்குள் மாடியிலிருந்து டங், டங். கல் வெறிச்சோடிவிடும்.

"ஏம்மா, வாயில்லா ஜீவன் நாலு தானியம் பொறுக்கித் தின்னா உனக்கு எங்க வலிக்குது?"

"தலைதான் ஆன்ட்டி. நைட் டூட்டி முடிச்சு வந்தா, கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம்."

"குருவி கத்தினா சத்தம், நீ தட்டைப் போட்டு அடிச்சா சங்கீதமா?"

நர்ஸ் சிரித்து மழுப்பினாள்.

இதில் வேடிக்கை, சில காலைகளில் அவளே இறங்கி வந்து பின்முற்றத்தைப் பெருக்கிவிட்டுப் போவாள். யாரும் கேட்டதில்லை. செய்வதையும் செய்துவிட்டு ஐஸ் வைக்கிறாள் என்று டைப்பிஸ்ட் அம்மா நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் படியில் உட்கார்ந்து பூனையைத் தடவிக்கொண்டே நர்ஸ் கேட்டாள்.

"ஆன்ட்டி, இதுக்குக் கழுத்துல சின்னதா ஒரு மணி கட்டலாமா? நானே வாங்கிட்டு வரேன்."

"ஏன், தட்டு பத்தலையா? பூனையும் சத்தம் போடணுமா?"

"இல்ல, வெளியில சுத்துதே, அதான்..."

"சுத்தினா என்ன? பால்சோறு தின்னு வளர்ந்த பூனை, சுத்த சைவம். ஒரு குருவி மேல வாய் வைக்கட்டும், அன்னைக்கே கோணியில கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடுவேன். என் குணம் உனக்குத் தெரியும்ல?"

நர்ஸ் அதற்கப்புறம் மணியைப் பற்றிப் பேசவில்லை.

தட்டுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேறு, "உங்க மாடியில என்ன, பாத்திரக் கடையா?" என்று கேட்டுவிட்டாள். அன்று மாலையே டைப்பிஸ்ட் அம்மா மாடியேறினாள். பூனையும் பின்னாலேயே வந்தது.

"வேற வீடு பார்த்துக்கோம்மா."

"ஆன்ட்டி, இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடறேன். திடீர்னு சொன்னா நான் எங்க போவேன்?"

"அது எனக்குத் தெரியாது. குருவிக்கு ஆகாதவங்களுக்கு இந்த வீட்டுல இடமில்ல."

நர்ஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். டைப்பிஸ்ட் அம்மாவின் காலில் உரசிக்கொண்டு நின்ற பூனையைப் பார்த்தாள்.

"சரி ஆன்ட்டி" என்றாள்.

சாமான்களை ஏற்றிய அன்று, வாசலில் குனிந்து பூனையின் காதைப் பிடித்து, "இனிமேலாவது நல்லபடியா நடந்துக்கோ, கேக்குதா?" என்றாள்.

ஜாடை பேசுகிறாள், பூனையை வைத்து என்னைக் குத்துகிறாள் என்று டைப்பிஸ்ட் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சத்தமே இல்லாமல் விடிந்தது. கல்லில் குருவிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கொத்தின. காபி அன்று ருசித்தது. அடுப்படி வேலையை முடித்துவிட்டு, இனிப் பெருக்க ஆளில்லையே என்று துடைப்பத்தோடு முற்றத்துக்குப் போனாள்.

தொட்டிக்குப் பின்னால் சிறகுகள் கிடந்தன. பக்கத்தில் பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

நம்ப மனம் ஒப்பவில்லை. அடுத்த நாள் தானியத்தை இறைத்துவிட்டு மாடிக்குப் போய், காலி அறையின் ஜன்னலில் நின்றாள். சமையலறையிலிருந்து தெரியாத தொட்டியின் மறுபக்கம் அங்கிருந்து அப்படியே தெரிந்தது. வயிறு தரையில் பட, நகர்வது தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது அவளுடைய சைவப் பூனை. ஜன்னல் கம்பியைத் தட்டினாள், சத்தம் கீழே எட்டவில்லை. கையில் தட்டும் இல்லை.

நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"



"பார்த்துட்டீங்களா ஆன்ட்டி? டூட்டி முடிஞ்சு நான் லேட்டா வர்ற அன்னைக்குத்தான் பிடிச்சிடும். நீங்க பார்க்கிறதுக்கு முன்னாடி பெருக்கிடுவேன்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"கோணியில கட்டிடுவேன்னீங்களே. நீங்க சொன்னா செய்யறவங்க. அப்புறம் சாயங்காலமெல்லாம் யார்கிட்ட பேசுவீங்க? நீங்க அதுகிட்ட பேசுறது மாடி வரைக்கும் கேக்கும் ஆன்ட்டி."

டைப்பிஸ்ட் அம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"திரும்பி வந்துடேன்."

"வேணாம் ஆன்ட்டி. காலி பண்ணுன்னு இன்னொரு தடவ கேக்க என்னால முடியாது."

போனை வைத்துவிட்டு, பரணிலிருந்து கோணியை இறக்கித் தரையில் விரித்தாள். பூனை அதன்மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அதன்பிறகு அவள் கல்லில் தானியம் போடவில்லை. குருவிகள் சில நாள் வந்து வெறுங்கல்லைக் கொத்திப் பார்த்தன. பிறகு வரவில்லை.

பூனை அந்த வீட்டிலேயே இருந்து, கிழடாகி, அவள் மடியில் செத்தது.