கைக்கு இறங்கும் நெற்றி

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள மருத்துவக் குழுவின் அறையில், நண்பகல் வெயில் யூலியானாவின் வலத் தோளில் விழுந்து கிடக்கிறது. தடுப்பூசியைப் பிசகிப் போட்டதால் உயராமல் போன தோள். இழப்பீடு கேட்டு வந்திருக்கிறார்கள். நோகிறதா என்று டொக்டர் இத்தாலியனில் கேட்பதைக் கணவன் விமலராஜ் தமிழில் சொல்கிறான். "இல்லையெண்டு சொல்லுங்கோ," என்கிறாள், வேலைக்குப் போகும் வீடுகளில் பழகிய அதே சிரிப்போடு. "வீட்டுக்காரச் சினியோராவுக்குத் தெரிஞ்சா வேலையாலை நிப்பாட்டிப்போடுவா." "நோகுதெண்டு சொல்லத்தானே இஞ்சை வந்தனாங்கள்!" என்று அவன் பல்லைக் கடிக்கிறான். டொக்டர் பேனாவை எடுக்கிறார். அந்நேரம் பக்கத்து மாதா கோயிலில் மத்தியானச் செபத்துக்கான திரிகால மணி அடிக்க, யூலியானா தன்னையறியாமல் சிலுவை அடையாளம் போடுகிறாள். கை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிடுகிறது. மேலே ஏற மறுக்கும் அந்தக் கையைத் தேடி நெற்றி இறங்கி வருகிறது. முதுகு வளைந்து, கூந்தல் முன்னால் சரிந்து, விரல்நுனியைத் தொடும்வரை மெல்ல மெல்ல இறங்குகிறது. டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, பூசையில் நிற்பவர்போல எழுந்து நிற்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் பக்கத்தில் நின்று விமலராஜ் பார்த்த குனிவுதான் இது. மனுசிக்குப் பக்தி முற்றிப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.